தண்ணி விடாத கீரை டிப்பும் முறுமுறு பிரட்டும்: காணும் பொங்கல் சாயங்காலத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ராத்திரில கீரை ஆகாது, தயிரும் ஆகாது. இது எங்க வீட்டு சட்டம், உங்க வீட்டுலயும் இருக்கும். இந்த டிப்புல கீரையும் இருக்கு, தயிரும் இருக்கு, அதனால எங்க வீட்டுல இத பண்ணணும்னா சாயங்காலம் நாலரைக்கே ஆளுங்கள உக்கார வச்சு விளக்கு வைக்கறதுக்குள்ள சட்டிய காலி பண்ணிடணும்னு மாமியாரோட ஒரு ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கேன்.

நாங்க இருக்கறது கும்பகோணம் பக்கத்துல. காணும் பொங்கல் அன்னிக்கு நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம்னு ஒரு 12 பேர் வந்துருவாங்க, ரெண்டு நாளா சக்கரைப் பொங்கல், வடை, கரும்பு, கணுவுக்கு கலந்த சாதம்னு தின்னு தின்னு பசங்களுக்கு வாய் அலுத்துப் போயிருக்கும், "அத்தை வேற எதாச்சும் பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. தை மாசப் பனி சாயங்காலமே லேசா இறங்க ஆரம்பிக்கும், அந்த நேரத்துக்கு சூடா, கெட்டியா, பிரட்ட முக்கி எடுத்தா சீஸ் நூலா இழுக்கற மாதிரி ஒண்ணு இருந்தா எப்டி இருக்கும்னுதான் ஆரம்பிச்சேன்.

மொத தடவை பண்ணது படு தோல்வி. கீரைய வேகவச்சேன், தயிரு சீஸு எல்லாம் போட்டு கிண்டினேன், அடுப்புல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, தட்டுல வச்ச பத்தாவது நிமிஷம் ஓரமா பச்சைத் தண்ணி ஊறி நிக்குது. நாத்தனார் பையன் ஒரு துண்டு பிரட்ட முக்கி எடுத்தான், பிரட்டு பாதி உள்ளயே விழுந்துருச்சு. "ஏன் அத்தை, கீரைக் கூட்டுக்கு எதுக்கு பிரட்டு"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான்.

அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை பண்ணிப் பாத்ததுல புரிஞ்சது ஒண்ணுதான், இதுல மசாலா பெருசில்ல, சீஸ் பெருசில்ல, தண்ணிதான் விஷயம். கீரைல தண்ணி, தயிர்ல தண்ணி, பிரட்டுலயும் தண்ணி, ஒவ்வொண்ணுலேர்ந்தும் தனித்தனியா வெளியேத்திட்டு அப்புறம்தான் ஒண்ணு சேக்கணும். ஜூன் 12 மேட்டூர் தொறப்பாங்களா மாட்டாங்களான்னு வானத்தையும் டிவியையும் பாத்துகிட்டு இருக்கற ஊர்ல உக்காந்துகிட்டு தண்ணிய வெரட்டறது எப்டின்னு எழுதறேன் பாருங்க.

அப்புறம் டிப்புன்னதும் ஏதோ வெளிநாட்டு விஷயம்னு பயப்படாதீங்க. பாசிப்பருப்பும் உருளைக்கெழங்கும் போட்டு தேங்கா கசகசா அரைச்சு ஊத்தின கடப்பால இட்லிய முக்கி சாப்பிடற ஊர்க்காரங்க நாம, முக்கி சாப்பிடறத யாரும் நமக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. அமெரிக்காவுல இதுக்கு கீரையோட ஆர்டிசோக்னு ஒண்ணு சேப்பாங்க, அது முள்ளுச்செடி ஒண்ணோட விரியாத பூ மொட்டு. அது நம்ம ஊர் மார்க்கெட்ல கெடைக்காது, கெடைக்கவும் வேணாம், நம்மகிட்ட வாழைப்பூ இருக்கு. திருவையாறு பக்கம் ஆத்துப்படுகை முழுக்க வாழைதான், எங்க கொல்லைலயே நாலு மரம் நிக்குது. பூவுக்கு பூ சரியாப் போச்சு, நடுக்குருத்த வேகவச்சா அந்த மெத்துன்னு கடிபடற பதமும் கிட்டத்தட்ட வந்துருது.

என்னென்ன வேணும்

12 பேருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்கற அளவுக்கு சொல்றேன். பாலக் கீரை அரைக் கிலோ. நடுத்தரமா ஒரு வாழைப்பூ. புளிக்காத கெட்டித் தயிர் 1 லிட்டர் (பயப்படாதீங்க, வடிகட்டினா 350லேர்ந்து 400 கிராம்தான் தேறும்). பால் 250 மில்லி, வெண்ணெய் 2 டேபிள் ஸ்பூன், மைதா 2 டேபிள் ஸ்பூன். சீஸ் ரெண்டு வகை, சாதாரண சீஸ் கியூப் 4, அதாவது 100 கிராம், அதோட மொசரெல்லா 100 கிராம். சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல், பச்சை மிளகாய் 2, மிளகுத்தூள் ஒன்றரை டீஸ்பூன், சாதிக்காய் இருந்தா ஒரு சிட்டிகை துருவல், அரை மூடி எலுமிச்சை. பிரட்டு 400 கிராம் பாக்கெட் ரெண்டு, வெட்டாத முழு பிரட்டா கெடைச்சா ரொம்ப நல்லது. உப்பு கடைசிலதான், சீஸ்லயும் கடை வெண்ணெய்லயும் ஏற்கனவே உப்பு இருக்கு, மொதல்லயே போட்டீங்கன்னா சட்டியோட போச்சு.

மொத நாளே பண்ண வேண்டியது

தயிரும் பிரட்டும் மொத நாள் வேலை. ஒரு பழைய வேட்டித் துணிய வெந்நில அலசிப் பிழிஞ்சு வடிகட்டி மேல விரிச்சு, கீழ ஒரு பாத்திரம் வச்சு, தயிர ஊத்தி மூட்டையா கட்டி அப்டியே ஃபிரிட்ஜ்ல வச்சுருங்க. கொழாய்ல தொங்க விட்டாலும் வடியும், ஆனா ராத்திரி முழுக்க வெளில இருந்தா புளிச்சுரும், புளிச்ச தயிர் சூட்டுல சீக்கிரம் திரியும். காலைல தொறந்து பாத்தா கரண்டில எடுத்தா விழாம நிக்கணும், அதான் பதம். கீழ வடிஞ்ச தண்ணிய கொட்டாதீங்க, சப்பாத்திக்கு மாவு பிசையலாம்.

பிரட்டு விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. நம்ம ஊர் பேக்கரில சும்மா பிரட்டுன்னு கேட்டா இனிப்பு பிரட்டுதான் எடுத்துக் குடுப்பாங்க, சால்ட் பிரட்டுன்னு கேட்டு வாங்குங்க, இனிப்பு பிரட்டும் பூண்டு சீஸும் சேந்தா ஒரு மாதிரி திகட்டும். இன்னொண்ணு, பொங்கல் லீவுல பேக்கரி தொறந்திருக்குமான்னு நம்பி உக்காராதீங்க. மொத நாளே வாங்குங்க, சொல்லப்போனா ஒரு நாள் பழசான பிரட்டுதான் இதுக்கு நல்லது, புது பிரட்டு வெட்டும்போதே நசுங்கும், டோஸ்ட் பண்ணாலும் நடுவுல பஞ்சு மாதிரியே நிக்கும்.

கீரை

பாலக் கெடைக்கலன்னா என்ன பண்றதுன்னு எல்லாரும் கேப்பாங்க, ஏன்னா நம்ம வாசல்ல கூடை தூக்கிட்டு வர்ற அம்மாகிட்ட பாலக் தினம் இருக்காது. அரைக்கீரை போடலாம், நல்லாவே வரும். முளைக்கீரையும் பரவால்ல, தண்டு ஒண்ணு விடாம கிள்ளிடணும். கொடிப்பசலை வேணவே வேணாம், வழவழன்னு கோழையா வந்து நிக்கும். அகத்தி கசக்கும், முருங்கை வாயில தனித்தனியா திப்பி தட்டும், புளிச்சக்கீரை போட்டீங்கன்னா பால் திரிஞ்சு நேரா குப்பைக்குத்தான்.

இலைய மட்டும் ஆஞ்சு மூணு தண்ணி அலசுங்க. ஒரு பெரிய பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது கொஞ்சம் உப்பு போட்டு கீரைய அமுக்கி, பாலக்குன்னா 1 நிமிஷம், அரைக்கீரைன்னா 3 நிமிஷம், மூடி போடாதீங்க, ஒடனே வடிச்சு ஐஸ் தண்ணில போடுங்க, பச்சை நெறம் அப்டியே நிக்கும். கொதிக்கற தண்ணில போட்டு வடிச்சிடறதுல இன்னொரு லாபமும் இருக்கு, பாலக்ல ஆக்ஸாலிக் அமிலம் ஜாஸ்தி, சாப்பிட்டப்புறம் பல்லு மேல சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு கூச்சம் வருமே அது இதனாலதான், கொஞ்சம் அந்தத் தண்ணியோட போயிரும்.

இப்பதான் முக்கியமான வேலை. ஆறின கீரைய கைப்பிடி கைப்பிடியா எடுத்து பிழிங்க. பிழிஞ்சாச்சுன்னு நெனைக்கறப்ப துணில கட்டி இன்னொரு தடவை முறுக்குங்க. நம்பவே மாட்டீங்க, அவ்ளோ தண்ணி வரும், அரைக் கிலோ கீரை ரெண்டு சாத்துக்குடி சைஸுக்கு சுருங்கிரும். பாவமேன்னு கை தளராதீங்க, அந்த நாத்தனார் பையன் கேள்விய நெனச்சுக்கங்க. அப்புறம் கத்தியால பொடியா நறுக்குங்க. கீரை மத்து எடுக்கக்கூடாது, மிக்ஸியும் கூடாது, மசிச்சா மசியல்.

வாழைப்பூ

இதுல சோம்பேறிங்களுக்கு ஒரு நல்ல சேதி, கள்ளன் (ஒவ்வொரு பூவுக்குள்ளயும் இருக்கற வேகாத நரம்பு) எடுக்கற வேலை கெடையாது. வெளி மடலையெல்லாம் உரிச்சுகிட்டே போங்க, அதுல இருக்கற பூவெல்லாம் எடுத்து தனியா வைங்க, அது மறுநாள் உசிலிக்கோ வடைக்கோ ஆகும் (அத ஆயறது மாமியார் வேலை, டிவி பாத்துகிட்டே பண்ணிடுவாங்க). உள்ள வெள்ளையா கூம்பு மாதிரி குருத்து வந்ததும் நிறுத்துங்க. நமக்கு வேண்டியது அதுதான். அந்த எடத்துல கள்ளன் முத்தாது, அப்டியே நறுக்கலாம். கைல எண்ணெய் தடவிகிட்டு, அரை இஞ்ச் துண்டா நறுக்க நறுக்க மோர்த்தண்ணில போடுங்க, காத்து பட்டா கருத்துரும். 20 நிமிஷம் ஊறட்டும், துவர்ப்பு பாதி அடங்கும்.

வேக வைக்கறது தண்ணில இல்ல, இட்லிப் பானைல, ஆவில 12 நிமிஷம். தண்ணில வேகவச்சா அது குடிச்ச தண்ணிய அப்புறம் டிப்புல கக்கும். வெந்ததும் ஆற வச்சு, நசுங்காம லேசா ஒரு பிழி.

அடுப்பு வேலை

மோர்க்குழம்பு திரியாம வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இங்க புதுசா எதுவும் இல்ல. மோர்க்குழம்புல ஏன் அரிசியும் பருப்பும் ஊறவச்சு அரைச்சு விடறோம், அந்த மாவுச்சத்துதான் தயிர் திரியாம புடிச்சு வைக்குது. ஏன் பொங்கி வந்ததும் எறக்கிடறோம், கொதிச்சா திரியும்னுதான். இங்கயும் அதே கதை, அரிசிக்கு பதிலா மைதா.

அடி கனமான வாணலில வெண்ணெய் போட்டு உருகினதும் பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், சின்னத் தீல நிதானமா வதக்குங்க, செவக்க வேணாம், கண்ணாடி மாதிரி ஆனா போதும். பூண்டையும் பச்சை மிளகாயையும் பொடியா அரிஞ்சு போடுங்க, பச்சை வாசனை போகட்டும். அடுத்தது வாழைப்பூ, 3 நிமிஷம். அப்புறம் பிழிஞ்ச கீரை, இது வாணலில சும்மா 2 நிமிஷம் பெரட்டினா மிச்சம் மீதி ஈரமும் ஆவியாப் போயிரும், அடில ஈரம் நிக்கலன்னு பாத்துக்கங்க. எல்லாத்தையும் ஓரமா ஒதுக்கி நடுவுல மைதாவ தூவி, எல்லாத்தோடயும் சேத்து 2 நிமிஷம் வறுங்க, மாவு வாசனை போகணும், கலர் மாறக்கூடாது. தனியா வெள்ளை சாஸ் பண்ணி சேக்கறவங்க இருக்காங்க, அதுக்கு இன்னொரு பாத்திரம் கழுவணும், எனக்கு இது போதும்.

பால் வெதுவெதுப்பா இருக்கணும். கால் டம்ளரா ஊத்தி ஊத்தி கிண்டுங்க, மொத்தமா கவுத்தா கட்டி தட்டும். அஞ்சு நிமிஷத்துல கெட்டியா, கரண்டி இழுத்த தடம் ரெண்டு செகண்ட் நிக்கற மாதிரி வரும். இப்ப தீய கொறச்சு துருவின சீஸ் கியூப், பாதி மொசரெல்லா. சீஸ் போட்டப்புறம் கொதிக்க விடாதீங்க, சூடு ஜாஸ்தியானா எண்ணெய் தனியா சீஸ் தனியா பிரிஞ்சு ரப்பர் மாதிரி ஆயிரும். ரெண்டு வகை எதுக்குன்னா, பதப்படுத்தின சீஸ் கியூப்ல கொழுப்பையும் தண்ணியையும் பிரிய விடாம சேத்துப் புடிக்கற உப்புங்க இருக்கு, அதனால வழவழன்னு உருகும், ஆனா நூல் விடாது, மொசரெல்லா நூல் விடும், ஆனா தனியா போட்டா ஆறினதும் கட்டியாப் போயிரும். ரெண்டும் சேந்தாதான் சரி.

அடுப்ப அணைச்சுருங்க. 2 நிமிஷம் கழிச்சு வடிச்ச தயிர எடுத்து, மொதல்ல அதுல ரெண்டு கரண்டி சூடான கலவைய விட்டு நல்லா அடிச்சு, அப்புறம் அத வாணலில சேருங்க, நேரா கொட்டாதீங்க. மிளகுத்தூள், சாதிக்காய், எலுமிச்சை சாறு கொஞ்சம். இப்ப ருசி பாத்து, தேவைப்பட்டா மட்டும் உப்பு.

எதுல பரிமாறறது, சூடு எப்டி நிக்கும்

இதுக்கு கல்சட்டிய மிஞ்சின பாத்திரம் எங்கயும் இல்ல. மாக்கல்லு சூட்ட புடிச்சு வச்சுக்கும், அடுப்ப அணைச்சப்புறமும் வத்தக்குழம்பு கொதிச்சுகிட்டே இருக்குமே அதே சங்கதி. பழக்கின சட்டியா இருக்கணும், புதுசா வாங்கினதுன்னா சில நாள் சாதக் கஞ்சி ஊத்தி வச்சு பழக்காம அடுப்புல வைக்காதீங்க, விரிசல் விட்டுரும். சட்டில வெந்நிய ஊத்தி மெதுவா சூடு ஏத்தி, தண்ணிய கொட்டித் தொடச்சு (சொட்டு விடாம), டிப்ப மாத்தி, மேல மிச்ச மொசரெல்லாவ தூவி, ரொம்ப சின்னத் தீல மூடி வச்சு 8 நிமிஷம். சீஸ் உருகி மேல பாய் விரிச்ச மாதிரி படியும்.

ஓவன்ல வச்சா மேல செவந்து புள்ளி புள்ளியா வருமே, அது அடுப்புல வராது. ஓடிஜி இருக்கறவங்க கண்ணாடி ட்ரேல ஊத்தி 200 டிகிரில 15 நிமிஷம் வச்சுக்கங்க. இல்லாதவங்க என்ன மாதிரி பண்ணுங்க, ஓரம் வெட்டின பிரட்டு மிச்சத்த மிக்ஸில ஒரு சுத்து விட்டு, ஒரு ஸ்பூன் நெய்ல பொன்னா வறுத்து மேல தூவுங்க. முறுமுறுப்பு கெடைச்சிருது, நெய் வாசனையும் தூக்கும், ஓவன்ல பண்றத விட எனக்கு இதான் புடிக்குது.

சட்டிய பிரிமனை மேல வச்சு நடு வீட்டுல எறக்குங்க. எங்க வீட்டுல அரை மணி நேரத்துக்கு மேல சூடு நிக்கும், அதுக்குள்ள காலியும் ஆயிரும். ஆளுங்க ஒவ்வொருத்தரா வர்ற பார்ட்டின்னா பாதிய மட்டும் வெளில வச்சு, மீதிய கொதிக்கற தண்ணிப் பாத்திரத்து மேல சின்னத் தீல வச்சிருங்க. 60 டிகிரிக்கு கீழ எறங்கி வெதுவெதுன்னு கெடக்கறது பால் பண்டத்துக்கு ஆபத்து, அந்த மாதிரி 2 மணி நேரத்துக்கு மேல வெளில கெடந்தத சூடு பண்ணி திரும்ப வைக்காதீங்க, கொட்டிருங்க.

பிரட்டு

விரல் மொத்தத்துக்கு நீளநீளமா வெட்டுங்க. தோசைக்கல்ல சின்னத் தீல வச்சு, மொதல்ல ஒண்ணும் தடவாம வெறும் பிரட்டா ஒவ்வொரு பக்கமும் 4 நிமிஷம். உள்ள இருக்கற ஈரம் போறதுக்குத்தான் இவ்ளோ நேரம், அவசரப்பட்டு பெரிய தீல வச்சா வெளில கருகும், உள்ள மெத்துன்னு இருக்கும், முக்கினா முறியும். காஞ்சு வந்ததும் வெட்டின பூண்ட மேல தேச்சு, வெண்ணெய லேசா தடவி இன்னும் ஒரு பெரட்டு. எண்ணெய்ல பொரிக்காதீங்க.

எடுத்ததும் ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடற தப்ப மட்டும் பண்ணாதீங்க, உள்ள வேர்த்துக் கொட்டி எல்லாம் நமத்துரும். சல்லடை மேலயோ மொறத்துலயோ பரப்பி ஆற விடுங்க. பிரட்டு தீந்து போச்சுன்னா தட்டை எடுத்து வைங்க, பொங்கலுக்கு சுட்டது எப்டியும் டப்பால இருக்கும், சொல்லப்போனா பெருசுங்க பிரட்ட விட்டுட்டு தட்டையத்தான் முக்கினாங்க.

சொதப்பினா

ரொம்ப கெட்டியாயிருச்சுன்னா சூடான பால் ரெண்டு ஸ்பூன், பச்சைத் தண்ணி வேணாம். எண்ணெய் பிரிஞ்சு நின்னுச்சுன்னா அடுப்புலேர்ந்து எறக்கி ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டு வேகமா அடிங்க, பெரும்பாலும் சேந்துரும். தண்ணியா இருக்குன்னா வறுத்த பிரட்டு தூள் ரெண்டு கைப்பிடி கலந்து 5 நிமிஷம் வைங்க, குடிச்சுரும். தயிர் திரிஞ்சு குருணை குருணையா போனா ஒண்ணும் பண்ண முடியாது, மேல சீஸ கொஞ்சம் தாராளமா தூவிட்டு வாய மூடிகிட்டு பரிமாறுங்க, பசங்க கண்டுபுடிக்க மாட்டாங்க.

மிச்சம் இருந்தா ஆறினதும் ஒடனே ஃபிரிட்ஜ், மறுநாளே தீத்துரணும். போன வருஷம் ஒரு கிண்ணம் மிஞ்சிச்சு, காலைல தோசை நடுவுல தடவி மடிச்சு மாமியாருக்கு ஒண்ணு வச்சேன், பகல்தானே, ஆட்சேபணை ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது தோசையும் கேட்டு வாங்கி சாப்பிட்டுட்டு, "எல்லாம் சரிதாம்மா, மிளகு பத்தல"ன்னாங்க. அதுவரைக்கும் நான் ஒரு டீஸ்பூன்தான் போட்டுகிட்டு இருந்தேன், மேல எழுதியிருக்கற ஒன்றரை அவங்க கணக்கு.